லோடு வண்டி நிற்காது

கிருனா
மார்ச் மாதம், ஞாயிறு

அன்பு மகள் அன்னெலிக்கு அப்பா எழுதுவது,

இங்கே நான் நலம். சும்மா நலம் இல்லை, வாயை மூட முடியாத அளவுக்கு நலம், இரண்டு நாளாகத் தாடை வலிக்கிறது. நீ நலமாக இருக்கிறாய் என்பது போனில் கேட்ட சிரிப்பிலேயே தெரிந்தது, ஆனால் சிரிப்புக்கு நடுவில் லைன் அறுந்துபோனதால் நான் சொன்னதில் எவ்வளவு உன் காதில் விழுந்தது, எவ்வளவு நடுக்கடலில் விழுந்தது என்று தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டேன், உன் கேம்ப் ஆபீஸில் யாரோ ஒருத்தர் எடுத்து, இரண்டு நிமிடம் பொறுங்கள், கூட்டிவருகிறேன் என்றார். நான் எந்தக் காலத்தில் இரண்டு நிமிடம் பொறுத்திருக்கிறேன், வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன். கடைசித் தாளை முதலில் எடுத்துப் படிக்கிற கெட்ட பழக்கம் உனக்கு உண்டு, இந்தத் தடவை செய்யாதே, வரிசையாகப் படி.

முதலில் வீட்டுச் செய்தியை முடித்துவிடுகிறேன். கொதிகலன் பழுது பார்த்தாயிற்று. உன் அறையை யாரும் தொடவில்லை, உன் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மட்டும் மெழுகு போட்டேன். உன் அம்மா லூலியோவிலிருந்து என் கல்யாணத்துக்கு மஞ்சள் பனிப்பழம் வைத்த கேக் அனுப்பியிருந்தாள், கூடவே போனில், "இந்தத் தடவையாவது நேரத்துக்குப் போய்ச் சேரு, உன்கூட எட்டு வருஷம் குடித்தனம் நடத்தினவ சொல்றேன்" என்றாள். அவளும் அவள் புருஷனும் சௌக்கியம். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, ஒன்று வேண்டுமா என்று கேட்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மறுநாள் போய்ப் பார்த்தேன், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே வெயிலில் தொப்பி போடாமல் நடக்கிறாய் என்று புகைப்படத்தில் தெரிகிறது. போடு. தண்ணீர் தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்க வேண்டும், எடுத்த பிறகு குடித்தால் ஏற்கெனவே லேட்.

உங்கள் ஊர் இரும்புத் தாது வண்டி இரண்டு கிலோமீட்டர் நீளம், முப்பதாயிரம் டன், நம்முடையதெல்லாம் பொம்மை ரயில் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எழுது எழுது. தோசைக்கல் மாதிரி தட்டையான பாலைவனத்தில், புகை கக்குகிற டீசல் இன்ஜினை நாலைந்து கட்டி இழுப்பதற்கு என் அளவு படிப்பு தேவையில்லை. இங்கே கிருனாவில் ஏற்றினால் அபிஸ்கோ ஏரிக்கரை வரை இறங்கி, அங்கிருந்து நார்வே எல்லை வரை மலை ஏறி, எல்லையில் இருந்து நார்விக் துறைமுகம் வரை கடலுக்குத் தலைகுப்புற இறங்க வேண்டும், ஒற்றைத் தண்டவாளத்தில், பாதி வருஷம் பனியில். நீராவிக் காலத்தில் இந்த ஏற்றத்தில் இன்ஜின்கள் மூச்சு வாங்கி நின்றன, பனிக்காப்புக் கொட்டகைகளுக்குள் டிரைவர்கள் புகையில் மயங்கி விழுந்தார்கள். அதனால்தான் உலகத்தில் பாதி ஊர்களில் வீட்டுக்கே விளக்கு இல்லாத காலத்தில், போர்யுஸ் அருவியை மடக்கி மின்சாரம் எடுத்து இந்த மலையில் மின்சார இன்ஜின் ஓட்டினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து. உன் ஆஸ்திரேலியாக்காரர்கள் இன்றைக்கும் டீசல். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. பிறகு கம்பி இன்ஜின் வந்தது, உனக்குத் தெரியும், சக்கரங்களை எல்லாம் ஒரே இரும்புக் கம்பியால் கோத்து, தையல் மெஷின் மிதி மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டு போகுமே. முதலில் இரண்டு துண்டு, அறுபதுகளில் நடுவில் ஒரு மூன்றாம் துண்டைச் செருகினார்கள், அதில் டிரைவர் அறையே இல்லை, தலையில்லாத உடம்பு. ஐயாயிரம் டன் இழுத்தது. சுற்றுலா வருகிறவர்கள் அந்தக் கம்பி ஆட்டத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள். நான் விடுவதில்லை. கம்பி அழகுதான், ஆனால் ஒன்று வழுக்கினால் கூடவே எல்லாம் வழுக்கும், ஏற்றத்தில் ஒரு தடவை நின்றுவிட்டால் பின்னாலிருந்து இன்னொரு இன்ஜின் வந்து முட்டுக் கொடுத்தால்தான் நகரும். அதனால் இந்த லைனில் ஒரு வழக்கம் ஊறிப்போய்விட்டது. லோடு வண்டி நிற்காது. காலி வண்டி ஒதுங்கும், ஸ்டாக்ஹோமிலிருந்து வருகிற பயணிகள் வண்டி ஒதுங்கும், எல்லாரும் லூப் லைனில் ஒதுங்கி நின்று வழி விடவேண்டும், லோடு வண்டி யாரையும் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது நம் புது இன்ஜின் எட்டாயிரம் டன்னுக்கு மேல் இழுக்கிறது, ஒவ்வொரு அச்சுக்கும் தனி மோட்டார், எது வழுக்குகிறதோ அதை மட்டும் கம்ப்யூட்டர் பிடித்து அடக்கும். எந்த ஏற்றத்தில் நின்றாலும் இது தானாகக் கிளம்பும் என்று இரண்டு வருஷமாக ஷெட்டில் தொண்டை கிழியக் கத்திவருகிறேன். டிரைவர்கள் நம்பவில்லை. அதிலும் கூப்பலா, அந்த தூர்னே நதிக்கரை ஆள், உனக்கு சின்ன வயதில் காய்ந்த மான் கறி கொடுப்பாரே அவர்தான், டீ நேரத்தில் எல்லார் முன்னாலும், "எங்க வேணா நின்னு கிளம்பும்னு சொல்றீரே இன்ஜினியரே, அப்புறம் எதுக்கு ஏத்தத்துல நிறுத்தாதேன்னு நீரே விதி எழுதி ஒட்டி வச்சிருக்கீரு?" என்பார். விதி எழுதியது நான்தான். எட்டாயிரம் டன்னை நிறுத்திக் கிளப்புகிற மின்சாரம் வீண், அதனால் எழுதினேன். அதில் ஒரு வரி, இழுவைப் பொறியாளர் அனுமதி இல்லாமல், ஏற்றம் தொடங்குகிற பியோர்க்லிடனுக்கும் எல்லைக்கும் நடுவில் எந்த லோடு வண்டியையும் நிறுத்தக்கூடாது. இழுவைப் பொறியாளர் என்றால் நான். டெலிவிஷன்காரர்கள் படம் பிடிக்க நிறுத்தச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த ஒரு மேலதிகாரி ஏறிப் பார்க்க ஆசைப்பட்டார், கிருனாவில் வந்து ஏறுங்கள் என்றேன். "பயம், இன்ஜினியருக்குப் பயம், நின்னா கிளம்பாதுன்னு அவருக்கே தெரியும்" என்று கூப்பலா குளிர்காலம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இனி சூல்ஃப்ரிட் விஷயம். நார்விக் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நார்வே பக்கத்து வண்டிகளை எல்லாம் ஆட்டிவைக்கிறவள், என்னைவிட அவசரக்காரி, அதனால்தான் ஒத்துப்போகிறது என்று நீயே சொன்னாய். இலையுதிர் காலத்தில் வைத்த முதல் தேதி என்னவாயிற்று என்று உனக்குத் தெரியும், அன்றைக்குப் பார்த்துச் சக்கர வழுக்கல் சோதனை வந்தது, முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன், வரும்போது சர்ச் பூட்டியிருந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை, ஒரே ஒரு வார்த்தை, "இன்னொரு தேதி தர்றேன். மூணாவது தேதி கிடையாது." அந்த இன்னொரு தேதிதான் முந்தாநாள். பாதிரியாருக்கு மாலையில் லோஃபோட்டன் தீவில் வேறு வேலை, நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காலையில் எழுந்தால் ஜன்னல் வெள்ளை. பனிப்புயல். மலைச் சாலை மூடிவிட்டார்கள், பயணிகள் வண்டி ரத்து. சூல்ஃப்ரிட்டுக்கு போன் போட்டேன், மணி அடிக்கவே இல்லை, மலையில் போன் கோபுரம் ஏதோ விழுந்திருக்கிறது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை முயன்றிருக்கலாம். ஆனால் யார்டில் லோடு வண்டி புறப்படத் தயாராக நின்றது, இன்ஜின் அறையில் ஏற எனக்கு அனுமதிச் சீட்டு உண்டு, கல்யாண சூட்டு, மெல்லிய ஷூ, பையில் மோதிரம், ஓடிப்போய் ஏறிவிட்டேன். டிரைவர் யார் என்று பார்த்தால் கூப்பலா. என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க மாப்பிள்ளை, இன்னிக்கு யாரு சோதனை பண்றது, நீங்க வண்டியையா, அந்தப் பொண்ணு உங்களையா?" என்றார். வழி முழுக்க இதேதான். அபிஸ்கோவில் காபி ஊற்றிக் கொடுத்து அதில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு, "குடிங்க, பயம் போகும்" என்றார். ஏற்றம் எல்லாம் அருமையாக ஏறியது, ஒரு அச்சுகூட வழுக்கவில்லை, நான் மீட்டரைக் காட்டிக் காட்டிப் பேசினேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லையைத் தாண்டினோம், இறக்கம் ஆரம்பம். இனி ஒரு மணி நேரம், கீழே கடல், சர்ச், சூல்ஃப்ரிட். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

கட்டெராட் என்று ஒரு ஸ்டேஷன், உன்னை ஒரு தடவை கூட்டிப்போயிருக்கிறேன், சாலையே கிடையாது, ரயிலில் போனால்தான் உண்டு. லூப் லைனில் நார்விக்கிலிருந்து வந்த காலி வண்டி ஒன்று எங்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றது. வழக்கம்தானே, நான் சும்மா திரும்பிப் பார்த்தேன். பனிக்கு நடுவில் அந்த இன்ஜின் அறை ஜன்னலுக்குள் ஒரு சிவப்பு. சிவப்பு உடை, மார்பு நிறைய வெள்ளி ஆபரணம், தலையில் கல்யாணக் கிரீடம். குனிந்து பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். சூல்ஃப்ரிட்! என் கல்யாணப் பெண், கல்யாணத்துக்கு நேர் எதிர்த் திசையில்! ஒரு கணம்தான், பிறகு வேகன், வேகன், வேகன். நான் கண்ணாடியை அறைந்தேன், கத்தினேன், அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கூப்பலாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கையைத் தட்டிவிட்டு, "எட்டாயிரம் டன் தம்பி, இறக்கம், கீழே கடல். லோடு வண்டி நிக்காது. யார் சொன்னது? நீங்க சொன்னது" என்றார். பிறகு தாங்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வர, பிரேக்கில் மட்டும் கை ஆடாமல் இருந்தது. ரேடியோவை எடுத்தேன். அந்த இடத்தில் வரிசையாகச் சுரங்கப்பாதை, ரேடியோவில் வெறும் இரைச்சல். நான் சுரங்கத்தில் இருந்து வெளியே வந்தால் அவள் சுரங்கத்துக்குள், அவள் வெளியே வந்தால் நான் உள்ளே.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது, உனக்கு மட்டும் சொல்கிறேன், நீ படித்தவள், புரியும். நம் வண்டி இறங்கும்போது மோட்டாரே பிரேக், அது மின்சாரத்தைத் திருப்பி மேல்கம்பிக்குக் கொடுக்கும், ஏறுகிற காலி வண்டி அந்த மின்சாரத்தை எடுத்துக்கொண்டு ஏறும். எத்தனை கூட்டத்தில் இதைப் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! மீட்டரைப் பார்த்தேன், முள் முழுக்க அந்தப் பக்கம். அதாவது நான் எவ்வளவு வேகமாகக் கல்யாணத்துக்கு இறங்குகிறேனோ, அவ்வளவு மின்சாரத்தில் என் கல்யாணப் பெண்ணை நானே மலைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். கூப்பலாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நார்விக் வந்து சேரும் வரை அந்த மனிதர் சிரிப்பில் மூச்சு விடத் திணறினார்.

யார்டில் இறங்கி, வழுக்கி, ஒரு தடவை விழுந்து, கண்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். ஹால்வார் உட்கார்ந்திருந்தார், சூல்ஃப்ரிட்டோடு வேலை பார்க்கிறவர், வழுக்கைத் தலை, கல்யாணத்துக்குப் போவதற்காகக் கழுத்தில் டை வேறு கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "யோவ் சுவீடன்காரா, நீ இங்க என்ன பண்றே? உன்னைக் காலரைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்னு அவ கிருனாவுக்குப் போயிருக்காய்யா!" விஷயம் இதுதான். பயணிகள் வண்டி ரத்து என்றதும், போனும் வராததும், இவன் இந்தத் தடவையும் ஏமாற்றப்போகிறான் என்று முடிவு கட்டி, அரை மணி நேரம்கூடப் பொறுக்காமல், புறப்படுகிற காலி வண்டியில் கல்யாண உடையோடு ஏறிவிட்டாள். சர்ச்சில் எழுபது பேர், கேக், பாதிரியார், எல்லாம் தயார், பெண் மட்டும் சுவீடனில். நான் செய்த அதே காரியம். ஒரு போன், ஒரு அரை மணி நேரம், இரண்டு பேரில் ஒருவருக்காவது பொறுமை இருந்திருந்தால் இந்தக் கடிதம் ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும்.

ரேடியோவில் பிடித்தார் ஹால்வார். அவள் வண்டி மலையைத் தாண்டி கொப்பரோசென் லூப்பில் அடுத்த லோடு வண்டிக்கு வழி விட்டு நிற்கிறது. மைக்கை என்னிடம் நீட்டினார். "சூல்ஃப்ரிட்" என்றேன். "நீ எங்கேருந்து பேசறே?" "நார்விக்." "நார்விக்ல என்ன பண்றே?" "கல்யாணம் பண்ணிக்க வந்தேன்." "எந்த வண்டியில வந்தே?" "கூப்பலாவோட லோடு வண்டியில. கட்டெராட்டில உன்னைப் பார்த்தேன்." "பார்த்தியா? பார்த்துட்டா நிறுத்தாம போனே?" நான் என்ன சொல்வது, வாயில் வந்தது அதுதான், "லோடு வண்டி நிக்காது." கண்ட்ரோல் ரூமே வெடித்தது. அன்னெலி, அந்த ரேடியோ எல்லா இன்ஜினிலும் கேட்கும், லைன் முழுக்க இருந்த டிரைவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக மைக்கை அழுத்தி அழுத்திச் சிரிக்கிறார்கள், சிரிக்க மட்டும். அவளும் சிரித்திருப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ரோலாந்து, இந்த வண்டி கிருனாவுக்குத்தான் போகும். அங்கேருந்து நான் திரும்பி வர்றதுக்குள்ள பாதிரியார் போயிடுவாரு. நான் சொன்னது சொன்னதுதான்." குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. சிரிப்பெல்லாம் நின்றுபோயிற்று. அவள் சொன்னால் செய்வாள்.

நார்விக் பக்கம் வருகிறது அந்த அடுத்த லோடு வண்டி ஒன்றுதான். கொப்பரோசென் நல்ல ஏற்றம், ஆயிரம் மீட்டருக்குப் பத்து மீட்டர். அங்கே நிறுத்தினால் அவள் ஏறிக்கொள்ளலாம். சுவீடன் பக்கத்து வண்டிகளை ஆட்டிவைக்கிறவர்கள் போடனில் இருக்கிறார்கள், ஹால்வார் அவர்களுக்கு ரயில்வே தனி லைனில் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார், கேட்டுக்கொண்டார், என் பக்கம் திரும்பினார். முகத்தை ரொம்ப சிரமப்பட்டு இறுக்கமாக வைத்திருந்தார். "ஏத்தத்துல லோடு வண்டியை நிறுத்த, இழுவைப் பொறியாளர் அனுமதி வேணுமாம். அது யாருன்னு கேக்குறாங்க." நான் போனை வாங்கி, நான்தான், அனுமதி தருகிறேன், நிறுத்துங்கள் என்றேன். காரணம் என்ன என்று அந்த ஆள் கேட்டார். கல்யாணம் என்றேன். யாருடையது என்றார். என்னுடையது என்றேன். அவர், ஒரு நிமிடம், என்று சொல்லி போனைக் கையால் மூடிக்கொண்டார், மூடியும் கேட்டது.

கேலி எல்லாம் அதோடு முடிந்தது. நிறுத்துவதில் என்ன இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். கிளம்பாவிட்டால்? ஒற்றை லைன், நடு ஏற்றம், புயல், அறுபத்தெட்டு வேகன். பின்னாலிருந்து உதவி இன்ஜின் வர அரை நாள், துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கும், கல்யாணம் போய்விடும், நான் இரண்டு வருஷமாகக் கத்தியது போய்விடும், என் விதியை நானே உடைத்து, என் இன்ஜினை நானே சந்தி சிரிக்க வைத்தவன் என்று சாகும் வரை பேர் வாங்குவேன். அந்த வண்டி டிரைவர் மாரிட், பள்ளியில் உனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவள். "அண்ணே, நிறுத்தச் சொல்றீங்க, நிறுத்திட்டேன். பொண்ணு ஏறியாச்சு, பாவாடை கதவுல மாட்டி ஒரு வெள்ளி மணி அறுந்துபோச்சு. இனிமே கிளம்பலேன்னா யாரு தள்றது, நீங்க வந்து தள்ளுவீங்களா?" என்றாள்.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், பிரேக்கை ஒரேயடியாக விடாதே, முதலில் கொஞ்சம் கரண்டு கொடு, முன் வேகன்கள் இழுபடட்டும், கப்ளிங் ஒவ்வொன்றாக இறுகட்டும், அவசரப்படாதே, மெதுவாக, மெதுவாக. என் வாயிலிருந்து மெதுவாக என்ற சொல் வருவதைக் கேட்டு ஹால்வார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாரிட் கொடுத்தாள். "நாலாவது அச்சு வழுக்குது. அடங்கிடுச்சு. இப்போ ரெண்டாவது." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "நகரலை அண்ணே." கதவருகே கூப்பலா வந்து நிற்கிறார், கையில் தொப்பி, கேலி ஒன்றும் இல்லை. நான், கரண்டைக் குறைக்காதே, அப்படியே வை, வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் மணல் போடு, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், நீ எதையும் தொடாதே, பொறு, என்றேன். இன்ஜின் முக்குகிற சத்தம் ரேடியோவில் கேட்டது. நான் கிராப் தாளில் வரைந்த வளைகோட்டில் இந்த இடம் ஒரு சின்னப் புள்ளி அன்னெலி, ஆபீஸில் பென்சிலால் அதைத் தட்டிக்காட்டி, இங்கே கிளம்பிவிடும் என்று சொல்லிக்கொண்டே அடுத்த தாளுக்குப் போயிருக்கிறேன். அந்தப் புள்ளிக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிறகு மாரிட் குரல் இல்லை, சூல்ஃப்ரிட் குரல். கண்ட்ரோல் ரூமில் பேசுகிற அதே தொழில் குரல். "கொப்பரோசெனிலிருந்து லோடு வண்டி. சிக்னல் கம்பம் பின்னால போகுது." ஒரு மூச்சு. "கிளம்பிடுச்சு ரோலாந்து. உன் இன்ஜின் கிளம்பிடுச்சு."

கூப்பலா தொப்பியைத் தரையில் அடித்தார். ஹால்வார் என்னைக் கட்டிப்பிடித்து என் மோவாயில் முட்டிக்கொண்டார். லைன் முழுக்க டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், யார்டில் நின்ற பழைய கம்பி இன்ஜின் ஒன்றும் சேர்ந்து அடித்தது, அதற்கு மட்டும் நான் அன்றைக்கு மரியாதை கொடுத்தேன். கூப்பலா மைக்கைப் பிடுங்கி, "எல்லாரும் கேட்டுக்கங்கப்பா, இன்ஜினியர் சொன்னது சரிதான், நான் சொன்னது தப்பு, இதை நான் இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்" என்றார். நான் சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை.

அதன் பிறகு ஒன்றும் பெரிதாக இல்லை. வண்டி வந்து சேரும் வரை கண்ட்ரோல் ரூமிலேயே உட்கார்ந்து காபி குடித்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள் இரண்டு தின்றேன். வண்டி வந்தது, இறங்கினாள், கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பெல்லாம் தாதுத் தூசி, "வா" என்றாள், அவ்வளவுதான், ஓடினோம். பாதிரியார் மேல்கோட்டு போட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், கோட்டோடேயே நடத்திவைத்தார். நடுவில் அவர் நீளமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார், நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சம்மதம் என்றோம், அவர் இன்னும் கேட்கவில்லை என்றார். சர்ச் முழுக்கச் சிரித்தது. நாலு மணிக்குக் கிளம்பிவிட்டார் மனிதர். கூப்பலா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மாரிட் வேலை உடையிலேயே வந்து கேக்கின் முதல் துண்டைச் சாப்பிட்டாள், அவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு. அறுந்துபோன அந்த மணியைப் பனி உருகியதும் தேடிப்போகிறேன் என்று சூல்ஃப்ரிட்டிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி எங்கே குடித்தனம் என்று கேட்பாய். அவள் வீடு நார்விக்கில், நம் வீடு இங்கே, இரண்டும் இருக்கட்டும், வண்டிகள்தான் போய்வந்துகொண்டே இருக்கின்றனவே. அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டிருந்தாய், பேரைச் சொல்லியே கூப்பிடு, அவளுக்கும் அதுதான் பிடிக்கும். நீ வர முடியவில்லை என்று எனக்கு வருத்தம் இல்லை என்று போனில் சொன்னேன், அது உண்மை இல்லை, இருந்தது. முன் வரிசையில் உனக்கு ஓர் இடம் விட்டு வைத்திருந்தேன், ஹால்வார் தெரியாமல் உட்கார்ந்தபோது எழுப்பிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே யார் மேலாவது மனசு வந்தால் அவனுக்கு மின்சாரம் பற்றி ஏதாவது தெரியுமா என்று பார், டீசல்காரன் என்றாலும் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். எந்த மலையிலும் உன் கால் வழுக்காமல் இருக்கட்டும், எடுத்த காரியம் எல்லாம் இழுத்துக் கரை சேர்ப்பாய், அப்பாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. பல் டாக்டரிடம் போ என்று மூன்று தடவை எழுதிவிட்டேன், இது நாலாவது. கோடை நடுத் திருவிழாவுக்கு வருகிறாயா என்று இரண்டு வரி எழுது, டிக்கெட்டை இப்போதே எடு, கடைசி வாரம் என்று இழுக்காதே.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
ரோலாந்து

அன்னெலி, சூல்ஃப்ரிட் எழுதுகிறேன், ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. உன் அப்பா கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து வாஃபிள் தின்றதாக எழுதியிருப்பதைப் படித்தேன். ஹால்வார் சொன்னது வேறு. என் வண்டி கிளம்பிய உடனே அவர் வெளியே போய்விட்டாராம், யார்டின் கடைசியில், தண்டவாளம் மலையிலிருந்து வளைந்து வருகிற இடத்தில், அந்த மெல்லிய ஷூவோடு, கோட்டு இல்லாமல். உள்ளே வா, இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று மூன்று தடவை கூப்பிட்டார்களாம். வரவில்லை. நடக்கவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, கடிகாரம்கூடப் பார்க்கவில்லையாம். கடைசி வளைவில் இன்ஜின் விளக்கு வெளிச்சத்தில் பனிக்கு நடுவே ஏதோ கம்பம் என்று நினைத்தோம், மாரிட் ஹாரன் அடித்தாள், அப்போதுதான் கம்பம் கையைத் தூக்கியது. இப்போது அவருக்குச் சளி, அதையும் அவர் எழுதவில்லை. கஷாயம் கொடுத்திருக்கிறேன். நீ வா.